கருவிழியின் ஓரம்

அக்காவின் கண்ணைச் சுரண்டியபோது தலையை அசையாமல் பிடித்துக்கொண்டவள் சுண்டுதான். நர்ஸ் பிடித்திருக்க வேண்டும். நர்ஸ் அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் யாருக்கோ சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். சர்ஜனுக்குக் காத்திருக்கிற வழக்கமே கிடையாது. "நீயே வாம்மா. பின்னாடி நின்னு பிடி. நெத்தி பட்டையை விட்டு நகரக் கூடாது" என்றார்.

சுண்டு அக்காவின் பின்மண்டையில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, நெற்றி கருவியின் பட்டையில் பதியும்படி அழுத்தினாள். அக்காவின் தலைமுடியில் தீவன ஆலை வாசனை அடித்தது. கோழித் தீவனத்துக்கு அரைக்கிற மக்காச்சோளமும் மீன்தூளும் கலந்த வாசனை. எத்தனை ஷாம்பூ போட்டாலும் அது போகாது.

மரத்துப்போக வைக்கிற சொட்டு ஏற்கெனவே விட்டாகிவிட்டது. "மரத்துப் போச்சா?" என்று சர்ஜன் கேட்டார்.

"கண்ணு ஒண்ணு இருக்கறதே தெரியல சார்" என்றாள் அக்கா. "ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியா இருக்கு. இதையே ஒரு பாட்டில் குடுத்தனுப்புங்களேன்."

சர்ஜன் சிரிக்கவில்லை. விளக்கைச் சரித்து, பெரிதாக்கும் குழாய் வழியே பார்த்துக்கொண்டே பிளேடை எடுத்தார். பக்கத்துத் திரையில் அக்காவின் வலது கண் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தெரிந்தது. கருவிழியின் நடுவே சாம்பல் வெள்ளையில் ஒரு புண். அதன் விளிம்பு கோடு போட்டது போல நிற்காமல், கோழி இறகைப் பிய்த்து ஒட்டியது மாதிரி நாலாபக்கமும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அது பூஞ்சைதான் என்று சுண்டுவுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அழுகை வருமா என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. பிளேடு புண்ணைக் கீறும்போது அக்காவின் மண்டை அவள் கைகளுக்குள் ஒரு தேங்காய் மாதிரி சும்மா இருந்தது.

சுண்டு அந்தக் கண் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். நுண்ணுயிரியல் படித்தவள். அவர்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். சுண்டு என்பது சுண்டெலியில் பாதி, சின்ன வயதில் அக்கா வைத்தது. ஒரு நாள் அக்கா ஆய்வுக்கூடத்து வாசலில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து அங்கேயும் அதுதான் பெயர். சான்றிதழில் இருக்கிற பெயரைச் சம்பளச் சீட்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது.

"உன் அக்காதானே?" சர்ஜன் சுரண்டலைக் கண்ணாடித் துண்டில் தடவி நீட்டினார். "நீ பார்க்காத. கண்ணாடிகிட்ட குடு."

சொந்தக்காரர்களின் ஸ்லைடை யாரும் படிக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். வேண்டாம் என்று நினைக்கிறவனுக்கு இருப்பது தெரியாது, பயந்து பார்க்கிறவனுக்கு இல்லாதது தெரியும். கண்ணாடி என்பது ஆய்வுக்கூடத்து இளம் டாக்டர். கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு பாட்டில் அடிபோல மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறவரை வேறெப்படிக் கூப்பிடுவது? நல்ல மனுஷன். டீ வாங்கினால் எல்லாருக்கும் சேர்த்துத்தான் வாங்குவார்.

ஸ்லைடில் காரக் கரைசல் ஒரு சொட்டு விட்டார் அவர். சதை, சீழ், செத்த செல் எல்லாவற்றையும் அது கரைத்துவிடும். பூஞ்சையின் தோல் மட்டும் அதற்கு மசியாது. குனிந்து பார்த்தவர் தலையை நிமிர்த்தாமலே "உட்காரு" என்றார்.

உட்காருங்கள் என்று நோயாளியின் வீட்டாரிடம் எப்போது சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? "நின்னுக்கறேன் சார். பூஞ்சையா?"

"நூல்கண்டைப் பிரிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"சரி" என்றாள் சுண்டு. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். அன்றைக்கு வந்த மற்ற மாதிரிகளுக்கு எண் ஒட்டினாள். ஒரு எண்ணைக்கூட மாற்றி ஒட்டவில்லை. அதுதான் அவளுக்கே பிடிக்காமல் இருந்தது.

நடந்தது இதுதான். தீவன ஆலையில் அக்காவுக்கு மூட்டை கவிழ்க்கிற வேலை. அரவை இயந்திரத்தின் வாயருகே நின்று மக்காச்சோள மூட்டையைப் பிரித்துச் சரிப்பாள். தூசி மேகமாகக் கிளம்பும். பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள், போட்டால் வியர்வையில் பனி மூடிக்கொள்ளும், எதுவும் தெரியாது. தெரியாமல் இயந்திரத்துக்குள் கையை விடுவதைவிடத் தூசி தேவலை என்று எல்லாப் பெண்களும் அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். அப்படித்தான் ஒரு நாள் காய்ந்த சோளத் தோல் ஒன்று பறந்து வந்து வலது கண்ணில் கீறியது. கீறின இடம் மறுநாள் சிவந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அம்மா வார்டு வராந்தாவில் வைத்துச் சொன்னாள்.

"சொட்டு விட்டேன்டி. ரெண்டே நாள்ல செவப்பு போன இடம் தெரியல."

"என்ன சொட்டு?"

"எனக்குப் புரை எடுத்தப்போ குடுத்தாங்களே, அந்த மிச்சம். ஃபிரிட்ஜ் கதவுல இருந்துச்சு."

"அது ஸ்டீராய்ட்மா."

"அது என்ன எழவோ. உங்க ஆஸ்பத்திரி மருந்துதானே? நீதானே கொண்டாந்து வச்சே? கடையில எவனோ குடுத்ததை விட்டாத்தான் தப்பு. எம்பொண்ணு வேலை பார்க்கற எடத்து மருந்துல என்ன தப்பு வரப்போவுதுன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கட்டிலில் இருந்தபடியே அக்கா சொன்னாள்: "கேட்டா கத்துவே."

"நான் எங்க கத்தறேன்?"

கத்திக்கொண்டேதான் கேட்டாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள், ஒற்றைக் கண்ணில் கட்டுப் போட்டவர்கள் உட்பட, அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

யார் மேல் கோபப்படுவது? போட முடியாத கண்ணாடியைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்ட ஆலைக்காரன் மேலா? மிச்சச் சொட்டைத் தூக்கி எறியச் சொல்லாத ஆஸ்பத்திரி மேலா? படித்தவள் கையால் வந்த பாட்டில் என்பதற்காக அதைக் கும்பிடாத குறையாக நம்பிய அம்மா மேலா? படித்த நாளிலிருந்து வீட்டில் எதற்கெடுத்தாலும் சள்ளென்று விழுந்து, கண்ணில் தூசி விழுந்ததைக்கூடச் சொல்லப் பயப்படும்படி வைத்திருந்த தன் மேலா? ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்த இடத்தில் எல்லாம் வெறும் தரைதான் இருந்தது.

அந்தச் சொட்டு என்ன செய்யும் என்று அவள் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கண் சிவப்பது உடம்பு சண்டை போடுவதால். சொட்டு அந்தச் சண்டைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். கலவரம் நடக்கிற தெருவிலிருந்து போலீஸைத் திருப்பி அழைத்துக்கொண்டு, அமைதி திரும்பிவிட்டது என்று ரேடியோவில் சொல்கிற மாதிரிதான். சிவப்பு போனது. வலி குறைந்தது. அக்கா வேலைக்குப் போனாள். உள்ளே பூஞ்சை அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது.

வார்டில் அக்காவுக்கு மணிக்கு மணி பூஞ்சை மருந்து விட்டார்கள். பாலைப் போல வெள்ளையான சொட்டு. கண்ணில் சுண்ணாம்பு அடித்தது போலத் தங்கி நிற்கும். நடுவில் அக்காவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு மத்தியானம், அம்மா துணி துவைக்கப் போயிருந்த நேரம், சுண்டுவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ஏண்டி, எனக்கு ஒரு சந்தேகம். நான் எத்தனை வருஷமா அந்தத் தூசியில நிக்கறேன். தெனமும் கண்ணுல விழுது. அப்பல்லாம் ஒட்டாத சனியன் இப்ப மட்டும் எப்படி ஒட்டுச்சு?"

"கண்ணு மேல தோல் முழுசா இருந்தா அதால ஒட்ட முடியாது. கண்ணீர் கழுவிடும், இமை தொடச்சிடும். வந்த வழியே போயிடும்."

"அப்புறம்?"

"சோளத் தோல் கீறிச்சுல்ல, அந்த இடத்துல மேல்தோல் போயிடுச்சு. கீழ இருக்கறது பசை மாதிரி. பூஞ்சையோட வித்து இருக்கு பாரு, தூசியிலயும் சின்னது, அது மேல சின்னச் சின்னதாப் புரதம் நீட்டிட்டிருக்கும், கொக்கி மாதிரி. அந்தப் பசையைப் பார்த்தா கப்புன்னு பிடிச்சுக்கும்."

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. மண்ணுல, காய்ஞ்ச இலையில, சோளத்துல ஒட்டி வாழற ஜந்து அது. எங்க கீறல் இருக்கோ அங்க ஒட்டும். உன் கண்ணுன்னு அதுக்குத் தெரியாது."

"மரியாதை தெரியாத ஜென்மம்" என்றாள் அக்கா. "சரி, ஒட்டிடுச்சு. அப்புறம்?"

"தண்ணி குடிச்சு உப்பும். முளை விடும். அந்த முளை நீண்டு நூலாப் போகும். அதுக்கு வாய் கெடையாது. முன்னாடி இருக்கறதைக் கரைக்கும், கரைஞ்சதை உறிஞ்சும், அப்படியே முன்னாடி நகரும்."

"நம்ம பெரியப்பா மாதிரி."

சுண்டுவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். "கருவிழி அடுக்கடுக்கா இருக்கும்கா, காகிதக் கட்டு மாதிரி. அந்த இடுக்குல நூல் நுழைஞ்சு பக்கவாட்டுல பரவும். சிலது அப்படியே செங்குத்தா எறங்கும்."

"எறங்கினா?"

"கண்ணுக்குள்ள போயிடும்."

"போனா?"

"கண்ணை எடுத்துடுவாங்க."

சொல்லிவிட்டாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். அக்கா, "இவ்வளவு படிச்சிருக்கியே, பேச மட்டும் படிக்கலையே நீ" என்றாள்.

வெள்ளைச் சொட்டு பலிக்கவில்லை. பலிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, மேலே அடங்கியது, ஆழத்தில் அடங்கவில்லை. ஸ்டீராய்ட் விட்ட நாட்களில் அது வெகுதூரம் இறங்கியிருந்தது. புண்ணின் நடுப்பகுதி அப்பளம் மாதிரி மெலிந்துவிட்டது. ஓட்டை விழுவதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று சர்ஜன் முடிவெடுத்தார். மூவரையும் உட்காரவைத்துப் பேசினார். உட்காரவைத்துத்தான்.

"கெட்டுப்போன வட்டத்தை வெட்டி எடுத்துட்டு, இறந்தவங்க தானம் பண்ணின கருவிழியிலேர்ந்து ஒரு வட்டம் வைச்சுத் தைக்கப் போறேன். வெட்டி எடுக்கறது லேபுக்குப் போகும். அதோட ஓரம் சுத்தமா இருந்தா, பூஞ்சை மொத்தமும் வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தம். ஓரத்துல இழை இருந்தா, கண்ணுலயும் மிச்சம் இருக்குன்னு அர்த்தம்."

"சுத்தமா இருந்தா பார்வை வருமா சார்?" என்று அக்கா கேட்டாள்.

"வரும். சுத்தம்னு தெரிஞ்சதும் ஸ்டீராய்ட் சொட்டு ஆரம்பிப்பேன். அது விட்டாத்தான் புதுக் கருவிழியை உடம்பு ஏத்துக்கும். விடலைன்னா சண்டை போட்டு வெளுக்க வச்சிடும்."

அம்மா நிமிர்ந்தாள். "எந்தச் சொட்டு? நான் விட்டேனே, அதா?"

"அதேதான்மா."

"அதை விட்டதாலதானே சார் இப்படி ஆச்சு?"

"அப்ப விட்டது தப்பு. இப்ப விடலைன்னா தப்பு." சர்ஜன் எழுந்துவிட்டார். "ஓரத்துல இழை இருந்து அதையும் விட்டோம்னா, அப்புறம் கண்ணையே காப்பாத்த முடியாது. எல்லாம் லேப் சொல்றதுலதான் இருக்கு."

போகிற போக்கில் சுண்டுவை ஒரு முறை பார்த்தார். அவள் சுவரில் இருந்த கண்ணின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுவை நன்றாக நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். சுற்றிலும் நட்சத்திரம் போலத் தையல், நடுவே யாருடையதோ தெளிவான ஜன்னல். சர்ஜன் இடது கண்ணைப் பொத்தச் சொன்னார். அக்கா வலது கண்ணால் எதிரே நின்ற சுண்டுவைப் பார்த்தாள், தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

"மங்கலாத்தான் இருக்கு. ஆனா உன் மூக்கு தெரியுதுடி. அது எங்க இருந்தாலும் தெரியும்."

அம்மா ஓவென்று அழுதாள். சுண்டு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வெட்டி எடுத்த வட்டம் ஒரு சின்னப் புட்டியில் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கண்ணாடி டாக்டர் வளர்ப்புத் தட்டில் பதித்து வைத்தார். உயிரோடு இருக்கிற பூஞ்சை என்றால் தட்டில் வளரும், ஆனால் அதற்கு நாளாகும், அதுவரை சர்ஜன் காத்திருக்க முடியாது. மற்றப் பாதியை மெழுகில் இறுக்கி, மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சீவுகிற பெண் பிரசவ விடுப்பில் இருந்தாள். வேறு யாருக்கும் கை ஓடாது. சுண்டுவே சீவினாள்.

"சீவலாம், படிக்கக் கூடாது. ஞாபகம் இருக்குல்ல?" என்றார் கண்ணாடி டாக்டர்.

"இருக்கு சார்."

மெழுகுக் கட்டையைப் பூட்டி, சக்கரத்தைச் சுற்றினாள். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பனாக வந்தன. வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் அள்ளினாள். வெள்ளிச் சாயம் ஏற்றினாள். அந்தச் சாயத்தில் திசு எல்லாம் வெளிர்ப் பச்சையாகத் தெரியும், பூஞ்சை மட்டும் கறுப்பாக நிற்கும். சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று சாயம் போட்டவள் ஒரு முறை பார்த்துத்தான் ஆக வேண்டும். அது படிப்பதில் சேராது. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கண்ணை வைத்தாள்.

நடுவில் காடு. கறுப்பு இழைகள் அடுக்குகளுக்கு நடுவே படுத்தும், இரண்டு மூன்று செங்குத்தாக நின்றும் கிடந்தன. அங்கிருந்து ஓரத்தை நோக்கிச் சீவலை நகர்த்தினாள். இழைகள் குறைந்தன. பச்சை, பச்சை, வெறும் பச்சை. இரண்டு சீவலில் ஓரம் துடைத்துவிட்டது போல இருந்தது. மூன்றாவது சீவலில், இடது ஓரத்தில், ஒரு கறுப்பு. சின்னத் துண்டு. பக்கத்தில் இன்னொரு துண்டு. பேனாவை உதறினால் தெறிக்கிற மை அளவுக்குத்தான் இருந்தது.

அவள் கண்ணை எடுத்தாள். ஸ்லைடைத் தட்டில் அடுக்கிக் கண்ணாடி டாக்டரின் மேசையில் வைத்தாள். கை கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றாள், தண்ணீர் சூடா குளிர்ச்சியா என்றுகூடத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "வா, வா. அடிச்சது யோகம். ஓரம் சுத்தம்னு எழுதப் போறேன். சாயங்காலமே சொட்டு ஆரம்பிச்சிடலாம். உங்க அக்காகிட்ட ஸ்வீட் வாங்கிட்டு வரச் சொல்லு."

இதுவரை சரி. வாயை மூடிக்கொண்டால் போதும். சட்டப்படி அவள் படிக்கவே இல்லை. படித்தவர் டாக்டர், கையெழுத்து அவருடையது. அக்காவுக்குச் சொட்டு விடுவார்கள், ஜன்னல் தெளிவாகவே இருக்கும், இன்றைக்கு மூக்கு தெரிந்த இடத்தில் நாளைக்கு முகம் தெரியும். அந்த மைத் துளி மட்டும் சும்மா இருந்தால். அது சும்மா இருக்குமா?

"மூணாவது சீவல்" என்றாள் சுண்டு. தன் குரல் வேறு அறையிலிருந்து வருவது போல இருந்தது. "இடது ஓரம். பார்த்தீங்களா சார்?"

அவர் சிரிப்பு மெதுவாக இறங்கியது. "பார்த்தேன்."

"பார்த்துட்டா சுத்தம்னு எழுதறீங்க?"

"துண்டு துண்டா இருக்கு, சுண்டு. சாயம்கூடச் சரியா ஏறல. மருந்துல செத்துப்போன இழை. பொணம். பொணம் என்ன பண்ணும்?"

"செத்ததுன்னு நிச்சயமா தெரியுமா?"

"சீவல்ல உயிர் இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? உனக்கே தெரியும், தெரியாதுன்னு."

"அப்ப அதை எழுதுங்க. ஓரத்துல இழை இருக்கு, உயிர் இருக்கான்னு சொல்ல முடியலன்னு எழுதுங்க."

"எழுதினா சர்ஜன் ஸ்டீராய்டைத் தொடவே மாட்டார். அந்தக் கருவிழி வெளுத்துடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"உன் அக்கா கண்ணும்மா இது."

"அதனாலதான் சார் நான் படிச்சிருக்கக் கூடாது."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் தோல் உரித்தது மாதிரி இருந்தது. "நானும் படிச்சிருக்கக் கூடாது போல" என்றார். "தினமும் பார்க்கற உன் மூஞ்சியை நெனச்சுட்டே இதைப் படிச்சேன் பாரு." பிறகு எழுதினார். அவள் சொன்னதையே எழுதினார். ஸ்வீட்டைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

சர்ஜன் படித்துவிட்டு, "அப்ப வேற வழியில்ல" என்றார். வெள்ளைச் சொட்டைத் தொடரச் சொன்னார். அக்காவின் கண் சிவந்தது. புதுக் கருவிழியின் விளிம்பில் முதலில் லேசாகப் பனி படர்ந்தது, பிறகு அது நடுவுக்கு வந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்தாள். ஒரு நாள் சுண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு சொட்டுடி. செவப்பு எடுக்கறதுக்கு. ஒரே ஒரு சொட்டு" என்று கெஞ்சினாள். சுண்டு கையை விடுவித்துக்கொண்டாள். கத்தவில்லை. அம்மா அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள் போல, கத்தாததைக் கண்டு பயந்து கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஜன்னல் மூடிக்கொண்டது. வெளிச்சம் தெரியும், கையை ஆட்டினால் நிழல் தெரியும், மூக்கு தெரியாது. பூஞ்சை திரும்பவில்லை. கண் கண்ணாகவே முகத்தில் இருந்தது. சர்ஜன் அதை வெற்றி என்றார். "ஒரு வருஷம் போகட்டும். எல்லாம் ஆறினதும் இன்னொரு கருவிழி வச்சுப் பார்க்கலாம்" என்றார். அந்தக் கட்டடத்தில் 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு என்ன எடை என்று சுண்டுவுக்குத் தெரியும். ரத்தக் குழாய் ஏறிப்போன கண்ணில் இன்னொன்று எவ்வளவு நாள் நிற்கும் என்றும் தெரியும்.

மிச்சம் இருந்தது வளர்ப்புத் தட்டு. அதைக் காலையில் வந்ததும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், போகும்போது ஒரு முறை பார்ப்பாள். வளர்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அக்காவின் கண்ணிலிருந்து எடுத்த பூஞ்சை உயிரோடு இருந்து வளர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற தங்கை உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வெள்ளையாக ஒரு பஞ்சுத் துளி தெரிந்தால் போதும், நான் சொன்னது சரி என்று ஆகிவிடும். தட்டு வழவழவென்று சுத்தமாகவே இருந்தது. வைத்திருக்க வேண்டிய கெடு முடிந்தும் அப்படியே இருந்தது.

"எடுத்துடலாமா?" என்று கண்ணாடி டாக்டர் கேட்டார்.

"இன்னும் ஒரு வாரம்."

அந்த வாரமும் எதுவும் வரவில்லை. அவர் ஆறுதல் மாதிரி சொன்னார்: "வளரலைன்னா செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. நாம வச்ச பாதியில உயிர் இல்லாம இருந்திருக்கலாம். வெட்டின மத்த பாதியில இருந்திருக்கலாம்."

"இல்லாமயும் இருந்திருக்கலாம்."

"இல்லாமயும் இருந்திருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டார்.

அவளே தட்டைக் கிருமிக் கழிவு போடுகிற பையில் போட்டாள்.

அன்றைக்கு அக்காவுக்குப் பரிசோதனை நாள். முடிந்ததும் இருவரும் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். சுண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாவது சீவல், டாக்டர் எழுதப் போனது, தான் வாயைத் திறந்தது, தட்டில் எதுவும் வராதது. சுற்றி வளைக்கத் தெரியாது, நேராகச் சொன்னாள்.

அக்கா முழுவதையும் கேட்டாள். நல்ல கண்ணால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சும்மா இருந்திருந்தா?"

"சொட்டு விட்டிருப்பாங்க. அந்த இழைக்கு உயிர் இருந்திருந்தா கண்ணை எடுத்திருப்பாங்க."

"இல்லாம இருந்திருந்தா?"

"தெரிஞ்சிருக்கும். உனக்கு."

"என்ன தெரிஞ்சிருக்கும்?"

"எல்லாம்."

ஒரு லாரி போனது. அக்கா முகத்தைத் திருப்பவில்லை.

"ரெண்டுல எதுடி?"

"தெரியாது."

"இனிமேயாவது தெரியுமா?"

"தெரியாதுக்கா. யாருக்கும் தெரியாது."

அக்கா திட்டுவாள் என்று சுண்டு காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது. அழுதால்கூடப் பரவாயில்லை. அக்கா முந்தானையால் வலது கண்ணின் நீரை ஒற்றினாள், அது எப்போதும் வடிகிற நீர்தான்.

"ஆலையில வேற எடம் குடுக்கறாங்களாம்" என்றாள். "பை தைக்கற பக்கம். ஊசியில நூல் கோக்க வருமான்னு கேட்டாங்க. வரும்னுட்டேன்."

"வருமா?"

"பழகணும்."

அம்மா மருந்துப் பையோடு வருவது தெரிந்தது. இருவரும் எழுந்தார்கள். கூட்டம் அதிகமாக இருந்தது. சாலை இருந்த பக்கமாக, அக்காவின் வலது புறம், சுண்டு போய்ச் சேர்ந்து நின்று கையைப் பிடித்தாள். அக்கா துள்ளி விழுந்து கையை உதறினாள்.

"அந்தப் பக்கம் வந்து நிக்காதடி. நீ வந்ததே எனக்குத் தெரியல."

"வண்டி வருதேன்னு..."

"வண்டியை நான் பார்த்துக்கறேன். நீ இந்தப் பக்கம் வா. நீ எங்க இருக்கே, என்ன பண்றேன்னு எனக்குத் தெரியணும்."

சுண்டு பின்னால் சுற்றி இடது பக்கம் வந்தாள். அக்கா திரும்பி, நல்ல கண்ணால் அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். பிறகு நடந்தாள்.